மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை

வூச் நகரத்தில் நவம்பர்.
பஞ்சாலையைக் கல்லூரியாக்கி இருபது வருடமாகியும்
வெந்நீர்க் குழாய்களுக்குத் தகவல் போகவில்லை.
ஷிஃப்ட் நேரம் பார்த்துத்தான் இன்னும் சூடாகின்றன.

மாநாட்டில் போக்னாவுக்கு அட்டை காட்டும் வேலை.
மஞ்சள் என்றால் ஐந்து நிமிடம்.
சிவப்பு என்றால்
தயவுசெய்து.

மிகச் சில சுரங்களின் இசையைப் பற்றிப் பேச
பதினான்கு நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள்.
ஒருவருக்கும் இருபது நிமிடம் போதவில்லை.
த்ரோன்ட்ஹைமின் ஹெல்கெசன்,
"மாற்றம் எந்தக் கணத்தில் மாற்றமாகிறது?" என்று தொடங்கி
மஞ்சளைப் பார்த்துப் புன்னகைத்தார்
சிவப்பைப் பார்த்துத் தண்ணீர் குடித்தார்
முப்பத்தோராம் நிமிடத்தில்
"ஆக, முன்னுரையாக" என்றார்.
வெளியே தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

இரவானால் கச்சேரி.

முதல் நாள் இரண்டு மரிம்பா, ஒரே பன்னிரண்டு சுரம்.
லீவே நின்ற இடத்தில் நின்று வாசிக்க
தோபியாஸ் எள்முனை அளவு முந்துகிறான்.
முதலில் பிசிறு.
பிறகு தகரக் கூரையில் இரண்டு மழை.
பிறகு
இருவரும் வாசிக்காத ஒரு மெட்டு
நடுவிலிருந்து எழுந்து நடக்கிறது.
யாருடையது என்று கேட்கக் கூடாது.
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருளில்லை:
சலசல என்பதில்
எந்தச் சல தண்ணீர்?

இரண்டாம் நாள் ஆர்கன். ஒரே சுரக்கூட்டு, நான்கு மணி நேரம்.
விசைகளின் இடுக்கில் பென்சில் செருகிவிட்டு
வாசிப்பவர் ஆப்பிள் தின்றார்.
நாற்பது பேர் எழுந்து போனார்கள்.
கதவு நாற்பது முறை கிறீச்சிட்டது,
ஒரு கிறீச் போல இன்னொன்று இல்லை.
வாசலில் நின்ற போக்னா இதை யாரிடமும் சொல்லவில்லை.
அவள் கட்டுரை வாசிக்க வந்தவள் அல்ல.

மூன்றாம் நாள் ரோசால்யாவின் பியானோ.
ஒரு சுரம். அது தேய்ந்து தீரும்வரை காத்திருப்பு.
இன்னொன்று.
அப்போதுதான் கூரையில் புகை உணர்வியின் பேட்டரி தீர்ந்தது.
க்விக்.

கையில் கடிகாரம் வைத்திருந்தவள் அவள் ஒருத்தி.
நாற்பத்து மூன்று விநாடி.
க்விக்.
ஹெல்கெசன் கண்மூடித் தலையசைத்தார்.
யாரோ குறிப்பேட்டில் கோடிழுக்கும் ஓசை.
லீவே மட்டும் அண்ணாந்து பார்த்து
உதட்டைக் கடித்தாள்.

பக்கவாட்டுக் கதவில் ஏணியோடு காவலாளி ஜிக்முண்ட்.
என்ன செய்வது?
போக்னா சிவப்பு அட்டையை
ஏணிக்குக் காட்டினாள்.
மூன்று நாளில் அதற்குக் கீழ்ப்படிந்த முதல் மனிதர்
கடைசிப் படியில் உட்கார்ந்து
உள்ளங்கையில் பேட்டரியை உருட்டியபடி
கேட்க ஆரம்பித்தார்.

எந்தச் சுற்றில் என்று தெரியாது,
ரோசால்யாவும் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள்.
இடதுகை கீழ்ச்சுரத்தைக் கொஞ்சம் முன்னதாக வைத்து
கூரைக்கு இடம் விட்டது.
க்விக்.
கடைசிச் சுரம் போய்
கைதட்டல் எழுந்து அடங்கும் இடத்தில்
க்விக்.
ஐயோ, முடியவில்லை போலிருக்கிறது என்று
இருநூறு கைகள் பாதியில் நின்றன.

மாடிப்படியில் ஹெல்கெசன் அவளை மறித்தார்.
"அந்த மேல்சுரம் இசைத்தாளில் உண்டா?"
"நாளையிலிருந்து இல்லை."

பதினொரு மணி. ஜிக்முண்ட் ஏறி, மாற்றி, இறங்கிப் போய்விட்டார்.
போக்னா நாற்காலி அடுக்குகிறாள்.
மரத்தின் மேல் மரம், மரத்தின் மேல் மரம்.
நாற்பத்து மூன்றில் கழுத்து தானாக நிமிர்ந்தது.
ஒன்றுமில்லை.
இன்னும் நான்கு நாற்காலி. மறுபடி நிமிர்ந்தது.
ஒன்றுமில்லைதான்,
ஆனால் இந்த ஒன்றுமில்லை
முந்தையதைவிட நீளம்.

சுவருக்குள் குழாய்கள் இரவு ஷிஃப்ட்டுக்கு வந்திருந்தன.
டக்.

தூக்கிய நாற்காலியை இறக்கி வைத்து
அதிலேயே உட்கார்ந்தாள்.